ஓசையில்லாத காதல்: வில்கி காலின்ஸ் படைத்த மடோனா

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலில் காதல் வளர்வது பெரும்பாலும் செவிவழியாகத்தான். தலைவியின் குரல் எத்தகையது என்று ஆசிரியர் முதலில் வருணிப்பார். தோட்டத்துப் புதருக்கு அப்பால் இருவர் பேசுவது மூன்றாமவர் காதில் விழும். அதனால் ஒரு பிணக்கு உண்டாகும். பியானோவின் அருகே நின்று தலைவி பாடுவாள், தலைவன் மெய்ம்மறப்பான். முடிவில் அவன் தன் உள்ளத்தைச் சொல்ல, அவள் மெல்லிய குரலில் இசைவு தருவாள். இத்தனையும் காதை நம்பி நிற்பவை. அந்தக் காதை எடுத்துவிட்டால் காதற்கதையில் என்ன எஞ்சும்?

இக்கேள்வியை எழுப்பி, அதற்கு முழு நாவல் அளவில் விடை காண முயன்றவர் வில்கி காலின்ஸ். நூல் 1854இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'ஹைட் அண்ட் சீக்'. தமிழில் 'கண்ணாமூச்சி' என்று சொல்லிக்கொள்ளலாம். காலின்ஸ் என்றதும் 'வெள்ளுடைப் பெண்', 'சந்திரகாந்தக் கல்' என்னும் பொருள்படும் தலைப்புகளைக் கொண்ட இரு பெரும் மர்ம நாவல்களே வாசகர் நினைவுக்கு வரும். அவற்றுள் முன்னது 1860இலும் பின்னது 1868இலும் நூலாயின. 'கண்ணாமூச்சி' எழுதியபோது அவருக்கு வயது முப்பது. பெரும்புகழ் வந்து சேராத காலம். நூலைத் தம் நண்பர் சார்லஸ் டிக்கன்ஸுக்குக் காணிக்கையாக்கினார். அது வெளிவந்த வேளையில் இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியிருந்தது; நாட்டின் கவனம் முழுவதும் போர்ச்செய்தியில் இருந்தமையால் நாவல் உரிய வரவேற்பைப் பெறவில்லை. 'வெள்ளுடைப் பெண்' அவரை நாடறிந்தவராக்கிய பின், 1861இல், இதனைத் திருத்தி மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

நாவலுக்குள் நுழையுமுன், தமிழ்க் கவிஞர் கூடிய அவையில் ஒன்றை நினைவூட்டுவது தகும். குறுந்தொகையின் 58ஆம் பாட்டு, வெள்ளிவீதியார் பாடியது. தன் காதல் நோயைப் பாங்கனிடம் உரைக்கும் தலைவன் ஓர் உவமை சொல்கிறான். வெயில் காயும் பாறைமீது வெண்ணெய் உருகுகிறது. அதற்குக் காவலாக இருப்பவனோ கையில்லாத ஊமை. கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதன்றி அவனால் ஆவது ஒன்றுமில்லை. ஊமை என்று மட்டும் சொல்லியிருந்தால் உவமை முற்றுப் பெறாது. கையிருந்தால் அவன் வெண்ணெயை எடுத்துவைப்பான். அல்லது கையசைத்து யாரையேனும் அழைப்பான். பேச இயலாதவனுக்குக் கையே வாய் என்பதைப் புலவர் நன்கறிந்தே அந்தக் கையையும் நீக்கியிருக்கிறார். ஆயினும் அங்கே ஊமை உவமைக்கு வந்தவனே அன்றிக் காதலன் அல்லன். காதலிக்கின்ற தலைவன் வாய்படைத்தவன். நோயைச் சொல்லத் தெரிந்தவன். அந்த ஊமையே காதலிக்கத் தொடங்கினால் என்னவாகும் என்பது வேறு கேள்வி.

காலின்ஸின் தலைவிக்கு மேரி என்று பெயர். அவள் தாயும் ஒரு மேரிதான்; மேரி கிரைஸ். பொய்ப்பெயர் சூடி வந்த ஒருவனை நம்பிக் கெட்டவள். கைக்குழந்தையோடு சாலையோரத்தில் சோர்ந்து கிடந்த அவளைக் கண்டு, பசித்த குழந்தைக்குத் தன் பாலைக் கொடுத்தவள் பெக்கோவர் என்னும் சர்க்கஸ் கோமாளியின் மனைவி. தாய் இறந்துபோகிறாள். அவள் விட்டுச் சென்றவை குழந்தையும், தலைமுடியால் பின்னிய கைவளை ஒன்றுமே. குழந்தை சர்க்கஸில் வளர்கிறது. குதிரைமேல் ஏறி வித்தை காட்டப் பழக்கப்படுகிறது. ஏறத்தாழப் பத்து வயதில் குதிரையிலிருந்து விழுகிறாள். உயிர் பிழைக்கிறது, கேள்விப்புலன் அடியோடு போய்விடுகிறது.

இவ்விடத்தில் காலின்ஸ் காட்டும் நுட்பம் குறிப்பிடத்தக்கது. பிறவியிலேயே செவிகேளாதவள் அல்லள் அவள், பேசிப் பழகியவள். விபத்திற்குப் பின் அவள் பேச முயலும்போது குரல் மாறிக் கரகரப்பாக ஒலிக்கிறது. அருகில் இருப்போர் அதைக் கேட்டு அஞ்சுகின்றனர். தன் குரல் தனக்கே கேளாத நிலையில் பேச்சின்மேல் அவளுக்கு வெறுப்பு உண்டாகிறது. வற்புறுத்திப் பேச வைக்காவிட்டால் பேச்சை அறவே இழந்துவிடுவாள் என்று மருத்துவர் எச்சரிக்கிறார். கேட்டதைக் கொடுக்காமல், வாய்திறந்தால்தான் உண்டு என்று கண்டிக்க வேண்டும். பெக்கோவர் அம்மாளுக்கு அந்தக் கொடுமை செய்ய மனம் வரவில்லை. குழந்தையின் முகவாட்டத்தைக் காணப் பொறுக்கவில்லை. இதனை அவள் தன் கொச்சை மொழியில், அழுகையும் சிரிப்புமாகப் பிறருக்குச் சொல்லும் பகுதி நாவலில் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று. டிக்கன்ஸின் சாயல் அதில் உண்டுதான். ஆனால் டிக்கன்ஸ் இந்த இடத்தில் கண்ணீரை இன்னும் சற்றுக் கூடுதலாகவே சிந்தியிருப்பார்.

சர்க்கஸ் முதலாளி ஜப்பர் விபத்தையும் காசாக்குகிறான். 'மர்ம அநாதை, வயது பத்து, செவிடு, ஊமை' என்று துண்டறிக்கை அடித்து அவளைக் களத்தில் நிறுத்துகிறான். அவள் சீட்டு வித்தை காட்டுகிறாள். சரியாகச் செய்யாத நாளில் அடி. வாலன்டைன் பிளைத் என்னும் ஓவியர் தற்செயலாக அந்தக் காட்சியைக் காண்கிறார். இரக்கம் மேலிட்டுக் குழந்தையை மீட்டுத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். பிளைத்தின் மனைவி லவினியா முதுகெலும்பு நோயால் எழமுடியாமல் படுக்கையிலேயே காலங்கழிப்பவள். பிள்ளையில்லாத அவ்வீட்டில் குழந்தை மகளாகிறாள். ராஃபேல் தீட்டிய மாதா ஓவியங்களின் முகச்சாயல் அவளிடம் இருப்பதால் 'மடோனா' என்றே அழைக்கப்படுகிறாள். ஓவியர் வீட்டு வாழ்க்கையைக் காலின்ஸ் நன்கறிந்தவர். அவர் தந்தை வில்லியம் காலின்ஸ் ராயல் அகாதமி உறுப்பினரான ஓவியர். அவருடைய வரலாற்றை மகனே 1848இல் எழுதி வெளியிட்டார். பிளைத் பெரிய திறமைசாலி அல்லர். தம் ஓவியங்களின் குறை தமக்கே தெரியாத நல்ல மனிதர். இப்படிப்பட்டவரை எள்ளி நகையாடாமல் எழுதுவது எளிதன்று.

காலின்ஸ் நூலின் இறுதியில் ஒரு குறிப்புச் சேர்த்துள்ளார். செவிகேளாத, பேசாத ஒருவரை உள்ளது உள்ளவாறு ஆங்கிலப் புனைகதையில் சித்திரிக்கும் முயற்சி அதற்குமுன் நிகழ்ந்ததாகத் தாம் அறியவில்லை என்கிறார். நாடக மேடையில் ஊமைப் பாத்திரங்கள் வந்ததுண்டு. ஆனால் அவர்களுக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும்! அத்தகைய வேடம் தமக்குப் பயன்படாதென்று உண்மைச் சான்றினைத் தேடியபோது அவருக்குக் கிடைத்த நூல் ஜான் கிட்டோ 1845இல் வெளியிட்ட 'இழந்த புலன்கள்'.

கிட்டோவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கவிஞர்களுக்கு அவரிடம் வேலையிருக்கிறது. 1804இல் பிளிமத் நகரில் ஏழைக் கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், தந்தைக்கு உதவியாகக் கூரைவேலைக்குக் கற்பலகை சுமந்து ஏணியில் ஏறியபோது கால் தவறி விழுந்தார். அன்றோடு ஓசையுலகம் முடிந்தது. ஏழையர் விடுதியில் செருப்புத் தைக்கப் பழகிய அந்தச் சிறுவன், படிப்பின்மேல் கொண்ட தீராத பற்றினால், பின்னாளில் பாக்தாத் வரை பயணம் செய்து விவிலிய ஆய்வாளராக உயர்ந்தார். விபத்திற்குப் பின் அவரும் பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். கீழ்நாட்டுப் பயணத்தின்போது கப்பலில் உடன்வந்த நண்பர்கள் தமக்குள் கூடிப் பேசி, இனி அவருடைய விரலசைவு தங்களுக்குப் புரியாதென்று பிடிவாதம் செய்து, அவரை வாய்திறக்க வைத்தனர். அதற்காக அவர்களுக்கு நன்றியே பாராட்டுகிறார் கிட்டோ. காலின்ஸ் இந்நூலைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினார். ஆயினும் கிட்டோவின் முடிவை மடோனாவுக்குத் தரவில்லை. அவளைப் பேச வைக்கும் முயற்சியைப் பாதியிலேயே கைவிடச் செய்தார். மூலநூலிலிருந்து அவர் விலகிய இந்த ஓரிடம், எடுத்துக்கொண்ட பல இடங்களைக் காட்டிலும் பொருள் பொதிந்தது. பேச மறுப்பதும் ஓர் உயிரின் உரிமை என்பதை, வாதமாக எழுதாமல், ஒரு வளர்ப்புத் தாயின் மனமிளக்கமாக எழுதிவிட்டார்.

கிட்டோ தம் நூலில் வேறொரு செய்தியும் பேசுகிறார். ஓசையை இழந்தவர் யாப்பறிந்து செய்யுள் இயற்றக் கூடுமா என்று கேட்டு, தாம் எழுதிய செய்யுட்களையும் வாசகர் பார்வைக்கு வைக்கிறார். ஆங்கில எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து இயைபு அமைப்பது இடர் நிறைந்த வேலை. 'பிளட்', 'ஃபுட்' என்னும் இரு சொற்களும் எழுத்தில் ஒன்றுபோலவே முடியும்; ஒலியில் ஒட்டா. தமிழின் நிலை வேறு. முதலெழுத்து ஒன்றுவது மோனை, இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை. இரண்டையும் ஏட்டைப் பார்த்தே பெரிதும் அறிந்துகொள்ளலாம். குறிலும் நெடிலும் வரிவடிவத்திலேயே தெரிகின்றன. ஆகவே சீரும் தளையும்கூடக் கண்ணுக்கு அகப்படும். காது கேளாத ஒருவர் வெண்பா எழுதினால் தளை தட்டவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. கேட்கும் காதிருந்தும் தளை தட்டுவோர் உண்டு என்பது வேறு செய்தி.

மீண்டும் மடோனாவிடம் வருவோம். அவள் இரு கை விரல்களாலும் எழுத்துக் காட்டும் ஆங்கிலேய முறையில் உரையாடுகிறாள். கற்பலகையில் எழுதிக் காட்டுகிறாள். பழகியவர்களிடம் வெறும் சைகையே போதும். முகம் பார்த்து மனமறிவதில் வல்லவள். ஒருவரைக் கண்ட மாத்திரத்தில் அவர் நல்லவரா அல்லரா என்று முடிவு செய்துவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளமையை அவையோர் அறிவர். பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. அரசவையிலும் காதலிலும் சொல்லாததை அறிவது சிறப்பாற்றல். மடோனாவுக்கு அது அன்றாடத் தேவை.

கண்ணே அவளுக்கு எல்லாம் என்பதால் இருட்டு அவளுக்குப் பேரச்சம். கேட்கும் திறன் உள்ளவருக்கு விளக்கு அணைந்தால் வெளிச்சம் மட்டுமே போகிறது. மடோனாவுக்கோ விளக்கோடு சேர்ந்து பேச்சும் போகிறது. கூப்பிடுவோர் யார், வருவோர் யார் என்று அறியும் வழியும் போகிறது. விரலைக் காண இயலாதபோது மொழி ஏது? காலின்ஸ் இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டு கதையின் நெருக்கடியான கட்டத்தை அமைத்திருக்கிறார். அமெரிக்கக் காடுகளில் அலைந்து, செவ்விந்தியரிடம் தலைத்தோலைப் பறிகொடுத்து, மண்டைக் குல்லாவுடன் ஊர் திரும்பிய மேட் என்பவன், தன் இறந்துபோன தங்கையின் வரலாற்றைத் தேடுகிறான். பிளைத்தின் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்பட்டுள்ள முடிவளை அவனுக்கு வேண்டும். கள்ளச்சாவி கொண்டு இரவில் ஓவியக்கூடத்தில் நுழைகிறான். அவ்வேளையில் மெழுகுவத்தியுடன் மடோனா அங்கு வருகிறாள். அவள் காதுக்கு அவன் காலடி எட்டாது. கண்ணில் பட்டால் மட்டுமே காரியம் கெடும். அவன் விளக்கை அணைத்துவிடுகிறான். அக்கணமே அவள் உலகம் முழுவதும் மறைகிறது. கத்தி உயர்த்தப்படவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு சுடர் அணைவதே கொடுஞ்செயலாகிவிடுகிறது. அச்செயலைச் செய்தவன் அவளுடைய சொந்த மாமன் என்பதை அவளும் அறியாள், அவனும் அப்போது அறியான். கண்ணாமூச்சி என்னும் தலைப்பின் முழுக் கொடுமையும் இந்த ஓரிடத்தில் வெளிப்படுகிறது. பிற்கால மர்ம நாவல்களில் காலின்ஸ் பின்னிய சிக்கல்கள் பல. அவற்றுள் எதுவும் இத்தனை எளிமையாக மனத்தைத் தாக்கவில்லை.

இனிக் காதல். மடோனா ஜாக் தார்ப் என்னும் இளைஞனை விரும்புகிறாள். கண்டிப்பான, ஞாயிறு வழிபாட்டில் சிறிதும் தளராத தந்தைக்கு மகனாகப் பிறந்து, அந்த இறுக்கத்தை உதறித் துள்ளித் திரிபவன் அவன். நல்லவன், ஆனால் கவனமற்றவன். பிளைத்தின் வீட்டுக்கு ஓவியம் கற்க வருகிறான். அவனுக்காகவே மடோனா ஓர் ஓவியம் தீட்டுகிறாள். அவன் வரும்போது அவள் முகம் சிவப்பதும், அவன் வேறுபக்கம் திரும்பியதும் வாடுவதும் படுக்கையில் கிடக்கும் லவினியாவுக்குப் புரிகின்றன. ஜாக்குக்குப் புரியவில்லை. கேட்கும் காதும் பேசும் வாயும் உடைய அவன்தான் இந்நாவலில் எதையும் கவனிக்காதவன். இந்த முரணைக் காலின்ஸ் அழுத்திச் சொல்லாமல் விட்டது நல்லது.

ஆனால் முடிவு? முடிவளையின் நூலைப் பிடித்துச் சென்ற மேட் உண்மையைக் கண்டுபிடிக்கிறான். பொய்ப்பெயரில் வந்து மேரி கிரைஸைக் கெடுத்தவன் வேறு யாருமில்லை. ஞாயிறு வழிபாட்டில் தவறாத அந்தக் கனவான் தார்ப்பேதான். எனவே மடோனாவும் ஜாக்கும் ஒரு தந்தையின் மக்கள். காதல் உடன்பிறப்பன்பாக மாறவேண்டியதாகிறது. ஒரு தலைமுறையின் போலி ஒழுக்கத்தை அம்பலப்படுத்தும் வகையில் இம்முடிவு வலிமையானது, அதில் ஐயமில்லை. எனினும் மடோனாவின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஓர் அநீதி இருக்கிறது. உண்மை தெரிந்தபோது அவள் நெஞ்சில் என்ன நேர்ந்தது என்பதை ஆசிரியர் மிகச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். மூன்று தொகுதிகளாக அவள் கண்ணையும் விரலையும் அத்தனை பரிவோடு கவனித்தவர், அவள் இழப்பின்முன் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். கடைசிப் பகுதி முழுவதும் ஆண்களின் கதை: தார்ப்பின் வாக்குமூலம், மேட்டின் மன்னிப்பு, ஜாக்கின் திருந்தல்.

செவிகேளாத பெண்ணுக்கு மணம் முடித்துவைக்கும் துணிவு காலின்ஸுக்கு இல்லாமற்போயிற்றோ என்று எண்ண இடமிருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1872இல், 'பாவம் மிஸ் ஃபின்ச்' என்னும் பொருள்படும் பெயரில் கண்ணில்லாத பெண்ணொருத்தியைத் தலைவியாக்கி மற்றொரு நாவல் எழுதினார். லூசில்லா என்னும் அந்தப் பெண் அறுவை மருத்துவத்தால் பார்வை பெறுகிறாள். பின் அதனை இழக்கிறாள். தான் விரும்பியவனையே மணந்து, பார்வையின்றியே மகிழ்ச்சியாக வாழ்கிறாள். பார்வையற்றவளுக்குக் கிடைத்த திருமணம் கேள்வியற்றவளுக்குக் கிடைக்கவில்லை. லூசில்லா வாய் ஓயாமல் பேசுபவள், சண்டையிடுபவள். நாவல் என்னும் வடிவம் அவள் சொன்னதை அப்படியே பதிவு செய்துகொள்ளும். மடோனாவுக்கோ ஒவ்வொரு சொல்லும் இன்னொருவர் வழியாகவே வாசகரிடம் வரவேண்டியிருக்கிறது.

மணம் முடித்துவைத்தவர்களும் உண்டு. பிரெஞ்சுக் கவிஞர் ஆல்ஃப்ரே த மியூஸே 1844இல் எழுதிய 'பியரும் கமீலும்' என்னும் குறுநாவல் காலின்ஸுக்குப் பத்தாண்டு முந்தியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பின்னணியில் அமைந்த அக்கதையில், உயர்குடியில் பிறந்த கமீல் பிறவியிலேயே செவிகேளாதவள். அவளை எங்ஙனம் நேசிப்பதென்று தெரியாமல் தவிக்கிறார் தந்தை. பாரிஸ் நாடக அரங்கில், எல்லாரும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க, கற்பலகையில் எழுதும் ஓர் இளைஞனை அவள் காண்கிறாள். அவனும் அவளைப் போன்றவனே. சைகை வழியாகக் கற்பித்த புகழ்மிக்க பாதிரியார் அபே த லெப்பேயின் வழியில் கல்வி பெற்றவன். இசையரங்கில், இசையால் தீண்டப்படாத இருவர் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் அக்காட்சி ஒரு கவிஞரால் மட்டுமே எழுதத்தக்கது. டிக்கன்ஸ் 1865இல் எழுதிய 'டாக்டர் மேரிகோல்ட்' கதையில் வரும் சோஃபியும் செவிகேளாதவள். தன்னைப்போன்ற ஓர் இளைஞனையே மணக்கிறாள். ஊர் ஊராகச் சென்று மலிவுச்சரக்கு விற்கும் மேரிகோல்ட், ஒரு கூத்துக்காரனிடமிருந்து அவளை மீட்டு மகளாக வளர்த்தவன். பொருள் விற்பதற்காக நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்துபவன். அவன் ஓசையெழுப்பாத ஒரு மொழியைத் தானே உருவாக்கி மகளோடு பேசுகிறான் என்பது டிக்கன்ஸுக்கே உரிய கற்பனை.

இவ்விரு கதைகளும் எங்கே முடிகின்றன என்பதுதான் வியப்பு. இரண்டிலும் தம்பதியருக்குக் குழந்தை பிறக்கிறது. அக்குழந்தைக்குக் காது கேட்குமா, கேளாதா என்னும் ஏக்கம் மூண்டு நிற்கிறது. இறுதியில் குழந்தை வாய்திறந்து பேசுகிறது. பெரியவர் கண்ணீர் உகுக்கிறார். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினாரா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டியதில்லை. வேறு வேறு நாட்டில் இரண்டு பெரிய எழுத்தாளர்கள், காதலுக்கு இசைவு தந்தவர்கள், பேசும் குழந்தையைக் கையில் பெற்ற பின்னரே அந்த இசைவை நிறைவாக்கினர். குழந்தை பேசாமலிருந்தால் அது துன்பியல் முடிவு என்று வாசகரும் எடுத்துக்கொள்ளும்படிதான் கதை கட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தம்பதியர் தாமே நிறைவாக வாழ்ந்துகொண்டிருப்பதை அம்முடிவு மறந்துவிடுகிறது.

இந்த அச்சம் கதையோடு நிற்கவில்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, செவிகேளாதோர் கல்வியில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பேராளர்களில் செவிகேளாதவர் ஒருவர் மட்டுமே. பெக்கோவர் அம்மாள் செய்ய மறுத்ததை, பல நாடுகளின் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்தன. குழந்தைகளின் கைகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1883இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், செவிகேளாதோர் தமக்குள் மணந்துகொள்வதால் மனித இனத்தில் ஒரு செவிகேளாப் பிரிவே தோன்றிவிடும் என்று கவலை தெரிவித்து அறிவியலறிஞர் அவையில் கட்டுரை படித்தார். சட்டத்தால் தடுக்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தவில்லை. ஆயினும் அவர்கள் ஒன்றாகத் தங்கிப் பயிலும் பள்ளிகளும், செவிகேளாத ஆசிரியர்களும், சைகைமொழியும் அத்தகைய திருமணங்களுக்குத் துணைபோகின்றன என்றார். இத்தனைக்கும் அவர் தாயாருக்கும் காது சரிவரக் கேளாது. மனைவி மேபல், ஐந்து வயதில் காய்ச்சலால் கேள்விப்புலனை இழந்தவர். பெல்லிடம் பேச்சுப் பயின்ற மாணவி. அவரைக் காதலித்தே 1877இல் பெல் மணந்தார். மிலான் தீர்மானங்களைத் தவறென்று ஒதுக்கி, அதே வரிசையில் வந்த உலக மாநாடு வருத்தம் தெரிவித்தது 2010இல், கனடாவின் வான்கூவரில்.

தமிழுக்கும் இந்தக் குழந்தை பற்றிய அச்சம் புதிதன்று. 2007இல் ராதாமோகன் இயக்கிய 'மொழி' திரைப்படத்தில் ஜோதிகா ஏற்ற அர்ச்சனா, காதலன் ஓர் இசைக்கலைஞன் என்றிருந்தும், திருமணத்துக்குத் தயங்குவதற்குக் காரணம் தனக்குப் பிறக்கும் குழந்தையும் தன்னைப்போல் ஆகிவிடுமோ என்னும் எண்ணமே. ஒரு வேறுபாடு உண்டு. மியூஸேயிடமும் டிக்கன்ஸிடமும் அந்த ஏக்கத்தைச் சுமப்பவர் முதியவர்; இங்கே அதைச் சுமப்பவளும் சொல்பவளும் பெண்ணே.

கவிஞர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, கைமொழியைத் தாளில் எழுதும் முறை. காலின்ஸ் எளிய வழியை மேற்கொண்டார். மடோனா விரலால் சொன்னதைச் சாதாரண ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அவள் இப்படிச் சைகை செய்தாள் என்று முடித்துவிடுவார். பல இடங்களில் அதுவும் இல்லை. அவள் என்ன கேட்டாள் என்பதை அருகிலிருப்பவர் உரக்கச் சொல்லித் தெரிவிப்பார். அக்காலத்தில் சைகை ஒரு மொழி என்ற கருத்தே அறிஞரிடம் இல்லை. அதற்கென இலக்கணம் உண்டு என்பதை அமெரிக்காவின் காலுடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி 1960இல்தான் ஆய்ந்து நிறுவினார். ஆயினும் இருபது ஆண்டுகளுக்குப் பின் பெரும்புகழ் பெற்ற காதல் நாடகத்திலும் இதே சிக்கல் நீடித்தது. மார்க் மெடாஃப் எழுதி 1979இல் மேடையேறிய 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' நாடகத்தின் தலைவி சாரா, மடோனாவைப் போலவே வாய்திறந்து பேச மறுப்பவள். அவளுக்கு வாய்ப்பேச்சுக் கற்பிக்க வந்த ஆசிரியனே அவளைக் காதலிக்கிறான். 1986இல் திரைப்படமானபோது சாராவாக நடித்த மார்லீ மாட்லின் தாமே செவிகேளாதவர். அவ்வேடத்துக்காக ஆஸ்கர் பரிசு பெற்றார். ஆனால் திரையில் சாரா கையால் சொல்வதையெல்லாம் காதலனே வாய்விட்டு மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறான். பார்வையாளரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது. அவள் அவனோடு சண்டையிடும்போதும் அவள் கோபம் அவன் குரலிலேயே காதில் விழுகிறது. தன் சொல்லுக்குத் தானே உரியவளாக இருக்கவேண்டும் என்பதே அவள் வழக்கு. அந்த வழக்கையும் எதிரியே எடுத்துரைக்க நேர்கிறது.

இச்சிக்கலுக்கு விடை, செவிகேளாதவரே எழுதும்போது கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் சாரா நோவிச் செவிகேளாதவர். அவருடைய 'ட்ரூ பிஸ்' நாவல் 2022இல் வெளிவந்தது. செவிகேளாதோர் பள்ளி ஒன்றில் சேரும் சார்லி என்னும் இளம்பெண்ணும், தலைமுறை தலைமுறையாகச் செவிகேளாத குடும்பத்தில் பிறந்த ஆஸ்டின் என்னும் இளைஞனும் அதில் நெருங்குகின்றனர். சார்லி பேச்சுலகில் வளர்க்கப்பட்டவள். கைமொழியைப் பள்ளிக்கு வந்தே கற்கிறாள். ஆகவே காதலும் மொழியும் அவளுக்கு ஒரே காலத்தில் வாய்க்கின்றன. வாய்ப்பேச்சு வழக்கமான எழுத்தில் அச்சிடப்பட, கைப்பேச்சு மேற்கோள்குறி இன்றிச் சாய்வெழுத்தில் வருகிறது. தாளைப் பார்த்தவுடனேயே யார் கையால் பேசுகிறார், யார் வாயால் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். ஆஸ்டினின் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது. அதற்குக் காது கேட்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் எழுவது ஆனந்தக் கண்ணீர் அன்று, குழப்பம். தலைமுறைகளாகக் கையால் பேசிவந்த வீட்டில் வாய்ப்பேச்சு எவ்வளவு இடம் பிடிக்குமோ என்னும் கவலை அங்கே நுழைகிறது.

ஜான் கிட்டோ 1854 நவம்பரில், உடல்நலம் தேடிச் சென்ற ஜெர்மானிய ஊரொன்றில் காலமானார். அவர் நூலிலிருந்து உயிர்பெற்ற மடோனா அச்சேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன.